துயரத்திற்கு ஆங்கிலம் யாது?

மருதனார்மடச் சந்தியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் உடுவிலை அடையலாம். தமிழ் அகராதி வரலாற்றிலே அவ்வூர்க்கு ஓர் இடமுண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைரன் வின்சிலோ 1820 ஆம் ஆண்டில் அங்கே வந்து தங்கினார். பின்னர் சென்னைக்குச் சென்ற அவர், 1862 இல் தமிழ் - ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். அதற்குரிய சொற்றொகுப்பை யாழ்ப்பாணத்திலே முதலிற் தொடங்கியவர் யோசேப்பு நைற்று என்பார். அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூலின் வேர் நம்மூர் மண்ணில் ஊன்றியது என்று நாம் பெருமைப்படுவதிற் தவறில்லை.

ஆயினும் துயரத்தைக் குறிக்கும் சொற்களுக்காக எந்த அகராதியையும் புரட்டுவோர் விரைவில் மலைத்துப் போவர். துக்கம், துயர், சோகம், கவலை, வருத்தம், விசனம், விசாரம், கிலேசம், ஏக்கம், சலிப்பு, விரக்தி, அங்கலாய்ப்பு, மனத்தாங்கல் எனத் தமிழ் அடுக்கிக்கொண்டே போகும். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஆங்கிலச் சொற்களோ ஐந்தாறுதான். அவையே திரும்பத் திரும்ப வரும். இதனை அகராதியாசிரியரின் குறையென்று நாம் சொல்லோம். சொல்லுக்குச் சொல் ஈடு காட்டுதல் அவர் தொழில். அந்த ஈட்டை அப்படியே எடுத்து ஒரு மனிதரின் வாய்மொழிக்குப் பதிலாக வைப்போரே பிழை செய்கின்றனர்.

இஃது ஏட்டளவிலான வழக்கன்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர் நம் மக்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் குடியேறினர். அங்கே முதியோரை வைத்தியரிடம் அழைத்துச் சென்று மொழிபெயர்த்துச் சொல்பவர் மகனாகவோ பேத்தியாகவோ, அல்லது நம் பழைய மாணவர் ஒருவராகவோ இருக்கின்றார். ‘எனக்கு வருத்தம்’ என்கிறார் ஆச்சி. யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்பது நோய். காய்ச்சலும் வருத்தமே, வயிற்றுவலியும் வருத்தமே. தமிழ்நாட்டிற் பயின்ற மொழிபெயர்ப்பாளரோ அதனை மனத்துயர் என்று ஆங்கிலப்படுத்துவார். ‘கவலையாக் கிடக்குது’ என்றால் நம்மூரிற் பெரும்பாலும் துக்கமாயிருக்கிறது என்பதே பொருள். அவரோ வரப்போவதை எண்ணி அஞ்சுவதாக எழுதிக்கொள்வார். ‘ஒரே யோசினை’ என்பதை ஆச்சி சிந்தனையில் ஆழ்ந்திருக்கின்றார் என்று பெயர்த்தால், வைத்தியர் அவரை ஒரு தத்துவஞானியென மதித்து வாழ்த்தி அனுப்பிவிடுவார்! உறக்கமின்றி இரவெல்லாம் ஒன்றையே நினைந்து மாழ்கும் ஒருத்தி, ‘யோசினை’ என்னும் அச்சொல்லினுள்ளே ஒளிந்திருக்கின்றாள். ‘அந்தரமாயிருக்கு’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடுவோர் தேடிக்கொண்டேயிருப்பர்.

சொல்லைவிட வாக்கிய அமைப்பு இன்னும் ஆழமானது. ஆங்கிலத்தில் மனிதனே எழுவாய், அவனே துயருற்றவன். தமிழில் ‘எனக்குத் துக்கமாயிருக்கிறது’ என்கிறோம். துக்கம் வருகிறது, பிடிக்கிறது, நெஞ்சை அடைக்கிறது. அது புறத்திருந்து வந்த விருந்தாளி போலும். வந்தது போகவுங் கூடும். இவ்வகையில் ஸ்பானியர் ஆங்கிலேயரைவிட நமக்கு அண்மையர். ‘பேனா’ என்பது அவர் மொழியில் துயரம். ‘எனக்குப் பேனா தருகிறது’ என்ற அமைப்பிலேயே அவர்கள் பேசுவர். மெக்சிக்கோ முதலிய நாடுகளிலோ அதே சொல் வெட்கத்தைக் குறிக்கும். இழவு விசாரிக்கச் சொல்லும் ‘பேசமே’ என்னும் சொல், ‘எனக்குப் பாரமாயிருக்கிறது’ என்னும் வாக்கியத்திலிருந்து பிறந்தது. இவற்றை ஆங்கிலப்படுத்துவோர் படும் பாடும் நாம் படும் பாடும் ஒன்றே.

ஈண்டு ஒரு வேடிக்கையையும் சொல்லிவைப்போம். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியிலும் ‘பேனா’ உண்டு. அங்கே அதற்கு இறகு என்றும் துயரம் என்றும் இரு பொருள். இலத்தீனில் வெவ்வேறாயிருந்த இரு சொற்கள் ஒலியால் ஒன்றாயின. நாம் இறகை மட்டும் எடுத்துப் ‘பேனை’ ஆக்கி எழுதத் தொடங்கினோம். துயரத்தை அவர்களிடமே விட்டுவிட்டோம். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, பாண் யாவும் அவர் தந்தவை. துயரத்திற்கு மட்டும் அவரிடம் சொற்கடன் வாங்கும் தேவை நமக்கு நேரவில்லை போலும்!

மருத்துவர் வழங்கும் சொற்களுக்கு வருவோம். கிரேக்கர் ‘மெலன்கோலியா’ என்றது கரும்பித்தத்தை. நம்மவரும் பித்தத்திலிருந்து ‘பித்து’ என்னும் சொல்லைப் பெற்றனர்; ஆதலின் அது நமக்குப் புதிதன்று. பிற்காலத்து ஆங்கில வைத்தியர் ‘டிப்பிரெஷன்’ என்றனர். இலத்தீனிற் கீழே அழுத்துதல் என்பது பொருள். அதனை எழுத்தெண்ணிப் பெயர்த்தவர்கள் ‘மன அழுத்தம்’ என்றார்கள். வேலைப்பளுவால் வரும் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கும் சிலர் அதே சொல்லை வழங்க, பரீட்சைக்கு அஞ்சும் மாணவனும் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவனும் ஒரே சொல்லின் கீழ் அடைபட்டனர். இது பொறுக்கத்தக்க குழப்பமன்று. நம் நாட்டு உளமருத்துவர் முன்னதற்கு ‘நெருக்கீடு’ என்றும் பின்னதற்கு ‘மனச்சோர்வு’ என்றும் வேறுபடுத்தி வழங்குவதே தக்கதென்பது நம் துணிபு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993 இல் வெளியிட்ட நூலுக்கு ‘மனவடு’ எனப் பெயரிட்டமை இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு. ‘ட்ரோமா’ என்பது கிரேக்கத்திற் புண். புண் ஆறிய பின்னும் நிற்பது வடு. போர் ஓய்ந்தும் ஓயாத ஒன்றைச் சொல்ல, மூலத்தைவிட மொழிபெயர்ப்பே பொருத்தமாய் அமைந்தது.

எனினும் நோய்ப்பெயர் சூட்டுவதில் விரைவு கூடாது. மகனைக் காணாத தாயின் துக்கம் முழுவதையும் மனச்சோர்வு என எழுதி மாத்திரை கொடுப்பது ஒரு பிழை. உண்மையில் நோயுற்று, உண்ணாது உறங்காது கிடப்பவளைக் ‘கவலைதானே, போய்விடும்’ என்று வீட்டில் வைத்திருப்பது அதனினும் பெரும்பிழை. இரண்டும் நம் சமூகத்தில் நடக்கின்றன. நாணத்தால் நோயை மறைக்கும் குடும்பங்கள் மருதனார்மடத்திலும் உள, ரொறன்ரோவிலும் உள.

மொழிபெயர்ப்பாளர்க்குத் தொல்காப்பியரிடம் ஓர் உதவி கிடைக்கும். மெய்ப்பாட்டியலில் அழுகை நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்கிறார்: பிறரால் இழிக்கப்படுதல், இழத்தல், முன்னைய நிலை தளர்தல், வறுமை. துயரத்தின் பெயரைத் தேடாது அதன் பிறப்பிடத்தைத் தேடிய நுட்பம் வியக்கத்தக்கது. ஆச்சி ‘யோசினை’ என்றால், ஆங்கிலச் சொல்லுக்கு அலையாமல், ‘ஆரை நினைச்சு, ஆச்சி? எப்ப தொடக்கம்? நித்திரை வருதோ?’ என்று கேட்டு, வந்த விடையை அப்படியே வைத்தியர்க்குச் சொல்வதே நேர்மையான மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியம் செலவாகும்; செலவாகட்டும்.

நம் பழைய மாணவருள் வைத்தியர் உளர், ஆசிரியர் உளர், அயல்நாட்டு நீதிமன்றங்களிலும் வைத்தியசாலைகளிலும் மொழிபெயர்ப்போரும் உளர். வலிகாமத்தில் வழங்கும் துயரச் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் யார், எப்பொழுது, எவ்வுடல் நோவோடு சொல்வர் என்னும் குறிப்புடன் ஒரு சிறு கைநூலாக்க அவர்களால் இயலும். முதியோர் வாயிற் கேட்டு எழுதவேண்டிய வேலை இது. உயர்வகுப்பு மாணவர் விடுமுறையிற் பேரன்மார்க்கும் பேத்திமார்க்கும் உரிய இடத்திலிருந்தே இதனைத் தொடங்கலாம். பெயர்களை எழுதாது சொற்களை மட்டும் எழுதிக்கொள்ளல் வேண்டும்.