கழுத்துக்குள் ஒரு கொல்லன் பட்டறை

விராலிமலைக்கு இரண்டு விஷயங்களில் பெயர். ஒன்று, மயில். திருச்சியிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் ஜன்னல் ஸீட் கிடைத்தவர்களுக்குச் சில நாள் டிக்கெட் இல்லாமலே தரிசனம் உண்டு. இரண்டாவது, மலைமேல் இருக்கும் ஆறுமுகப் பெருமானுக்கு நைவேத்தியமாக வைக்கும் சுருட்டு. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த கருப்பமுத்து என்ற பக்தரிடம் யாரோ ஓர் ஆசாமி சுருட்டு கேட்டு வாங்கினாராம். அப்புறம் சன்னதியில் போய்ப் பார்த்தால், அங்கே அதே சுருட்டு! ஊரில் சொல்லும் கதை.

மயிலுக்கும் சுருட்டுக்கும் முருகனைத் தவிர இன்னொரு சம்பந்தம் இருக்கிறது. தைராய்டு.

சிரிக்காதீர்கள். பறவைகளுக்கு இறகு உதிர்வதிலும் புதிதாக முளைப்பதிலும் தைராய்டு ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. வருஷா வருஷம் தோகையைக் கழற்றிப்போட்டுவிட்டு வேறு தோகை தைத்துக்கொள்ளும் மயிலாரின் கழுத்திலும் அந்தச் சுரப்பி இருக்கிறது. புகையிலைப் புகையோ நேர் எதிரி. அதிலிருக்கும் ஸயனைடை நம் உடம்பு தயோஸயனேட் என்ற சரக்காக மாற்றுகிறது. அது தைராய்டின் வாசலில் போய் நின்றுகொண்டு, உள்ளே வர வேண்டிய அயோடினை வழிமறிக்கிறது. ஆறு முகம் உள்ளவர் தாங்குவார். ஒரே கழுத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாம் யோசிக்க வேண்டும்.

உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது? குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுமார் 20 கிராம் சமாசாரம் தைராய்டு. அதற்குள் ஒரு கொல்லன் பட்டறை நடக்கிறது. கொல்லன் பெயர் தைராய்டு பெராக்ஸிடேஸ். ஓர் என்ஸைம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நொதி என்பார்கள்.

பட்டறையின் உலை, ஹீம் என்ற வளையம். நடுவில் ஒரே ஓர் இரும்பு அணு. அதை நாலு நைட்ரஜன் அணுக்கள் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும். ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினிலும் இதே சாமான்தான். அங்கே இரும்புக்கு போர்ட்டர் உத்தியோகம். ஆக்ஸிஜனைச் சுமந்துபோய் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பும். இங்கே கொல்லன் உத்தியோகம்.

புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, ஹைட்ரஜன் பெராக்ஸைடு, அதைத் தைராய்டு செல்லே தயாரித்து உலைக்கு ஊதுகிறது. அதிலிருந்து ஓர் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு இரும்பு பழுக்கக் காய்கிறது. இப்போது அதற்கு அகோர எலெக்ட்ரான் பசி. பக்கத்தில் வரும் அயோடைடிடம் இரண்டு எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. பறிகொடுத்த அயோடினோ எங்காவது ஒட்டிக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது என்கிற நிலைக்குப் போகிறது.

ஒட்டிக்கொள்ள இடம் தயாராக இருக்கிறது. தைரோகுளோபுலின் என்ற பிரும்மாண்டமான புரதம். இரண்டு சங்கிலி; ஒவ்வொன்றிலும் 2,700-க்கு மேல் அமினோ அமிலங்கள். அதில் டைரோசின் என்ற வகை 60-க்கு மேல். அயோடின் ஒட்டுவது டைரோசினில்தான். அயோடின் ஒட்டிய இரண்டு டைரோசின்களை அதே கொல்லன் ஒன்றோடொன்று பொருத்தினால் ஹார்மோன் ரெடி. நாலு அயோடின் இருந்தால் டி4. மூன்று இருந்தால் டி3. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள்.

இத்தனை டைரோசின் இருந்தும் ஹார்மோனாக முடிகிறவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஏன்? 2020-ல் விஞ்ஞானிகள் இந்தப் புரதத்தின் முழு உருவத்தைப் படம் பிடித்தார்கள். எந்த டைரோசின் வெளியே எட்டிப் பார்க்கிறது, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எதற்கு அசைய இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஜோடி சேர்கிறது என்று தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை வைத்து அடுத்த முகூர்த்தம் நிச்சயமாவது மாதிரி.

இரும்பை வைத்துக்கொண்டு ஹாலஜனை மடக்குகிற வித்தை கழுத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் இந்தக் கொல்லனின் பங்காளி ஒருவர் இருக்கிறார், மைலோபெராக்ஸிடேஸ். அவர் அயோடினை விட்டுவிட்டு, உப்பில் இருக்கும் குளோரைடைப் பிடித்து ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கிறார். பஞ்சாயத்து டேங்க்கில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் உண்டாகுமே, அதே அமிலம். கிருமிக்கு நம் உடம்பு போடும் பிளீச்சிங் பவுடர். சீழ் லேசாகப் பச்சையாக இருப்பதற்கு இந்த என்ஸைமின் நிறமே காரணம். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

பாக்டீரியாக்கள் இன்னும் சமர்த்து. ஸூடோமோனாஸ் ஸிரிஞ்சே என்று, செடிகளுக்கு நோய் கொடுக்கும் ஒரு ஜாதி. அதில் ஹீம் வளையமே இல்லாமல் வெறும் இரும்பை வைத்துக் குளோரின் ஒட்டுகிற என்ஸைம் இருப்பதை 2005-ல் ஹார்வர்டில் கிறிஸ்டோஃபர் வால்ஷ் குழுவினர் காட்டினார்கள். பெயர் ஸிர்-பி2. இதன் சொந்தக்கார என்ஸைம்களில் இரும்பை மூன்று கைகள் பிடித்திருக்கும். இதில் ஒரு கையைக் காணோம். காலியான அந்த இடத்தில் குளோரின் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. வேலைக்கு வரும் த்ரியோனின் என்ற அமினோ அமிலத்தை இன்னொரு புரதம் நீளக் குறட்டால் பிடித்தமாதிரி உள்ளே நீட்டுகிறது. சரியான இடத்தில் நீட்டினால் குளோரின் ஒட்டும். கொஞ்சம் தள்ளிப்போனால் குளோரினுக்குப் பதில் ஆக்ஸிஜன் ஒட்டிவிடும். கொல்லனின் கெட்டிக்காரத்தனம் சம்மட்டியில் மட்டுமில்லை, குறட்டிலும் இருக்கிறது.

சரி, இதனால் நமக்கென்ன?

கொல்லனுக்கு இரண்டு வேண்டும். அயோடினும் வேண்டும், இரும்பும் வேண்டும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது வருஷ ஆயுசுக்கும் கூட்டிப் பார்த்தால் நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது அரைப் பவுன் எடை. உடம்பில் இருக்கும் மொத்த இரும்பும் மூன்று, நாலு கிராம்தான். அதுவும் அரைப் பவுனுக்குள். பொட்டுத் தங்கம் இல்லாமல் வாழ்ந்துவிடலாம். இந்த இரண்டு அரைப் பவுனும் இல்லாமல் முடியாது.

அயோடின் கதை நாட்டுக்குத் தெரியும். டாக்டர் வி. ராமலிங்கசுவாமி இமயமலைச் சாரலில் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் ஆரம்பித்த ஆராய்ச்சியில், உப்போடு அயோடின் கலந்து கொடுத்ததும் கழுத்து வீக்கங்கள் வற்றின. 1962-ல் தேசியத் திட்டமே வந்தது. இரும்பின் கதைதான் பலருக்குத் தெரியாது. ஐவரி கோஸ்ட்டில் கழுத்துக் கழலை உள்ள குழந்தைகளுக்கு அயோடின் கொடுத்துப் பார்த்து, முடிவை 2000-ல் வெளியிட்டார்கள். முப்பது வாரம் கழித்து, ரத்தசோகை இல்லாத குழந்தைகளில் 12 சதவிகிதத்துக்கு மட்டுமே கழலை பாக்கி. இரும்புச் சத்துக் குறைந்து ரத்தசோகை உள்ளவர்களில் 64 சதவிகிதத்துக்கு அப்படியே இருந்தது. அதே அயோடின்தான். உலையில் இரும்பு போதவில்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. கருவில் இருக்கும் குழந்தைக்கோ முதல் சில மாதங்களுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. மூளை வளர அம்மாவின் ஹார்மோனைத்தான் கடன் வாங்கியாக வேண்டும். அம்மாவின் பட்டறையில் உலை அணைந்திருந்தால் கடன் யார் கொடுப்பது?

மலையடிவாரத்து மளிகைக் கடை ஒன்றில் காதில் விழுந்த வாக்குவாதம்:

"ஏப்பா, எங்க காலத்துல ஏது அயோடினு? கல்லுப்புதான். கழுத்து வீங்கியா செத்தோம்?"

"ஆத்தா, பாக்கெட்ல சிரிக்கிற சூரியன் படம் போட்ட உப்பு வாங்கு. கவர்மென்ட்டே சொல்லுது."

"கடல்லேருந்துதானே வருது? அதுல இல்லாத அயோடினா?"

ஆத்தாவின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடல் நீர் வற்றி உப்பாகும்போது அயோடின் பெரும்பாலும் கூட வருவதில்லை. கலந்தால்தான் உண்டு. இரும்பையும் கூடவே கலக்கலாமே என்றால், பாக்கெட்டுக்குள் இரண்டுக்கும் ஆகாது. சேர்ந்து இருந்தால் உப்பு நிறம் மாறும், அயோடின் ஆவியாகும். கழுத்துக்குள் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறவர்கள் பாக்கெட்டுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சமரசப் பொருள் ஒன்றைச் சேர்த்து இருவரையும் ஒரே பாக்கெட்டில் உட்காரவைத்தது. இரும்புக்கு மேலே ஓர் உறை போட்டு விலக்கிவைப்பது இன்னொரு வழி. வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் இப்படி இரண்டும் சேர்ந்த உப்பைச் சத்துணவுக்குக் கொடுத்தது. 2014-ல் 'அம்மா உப்பு' என்று கடைக்கும் கொண்டுவந்தது.

உப்பு வேலையை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். மிச்ச வேலை நம் வீட்டு அடுப்படியில். முருங்கைக் கீரை, கேழ்வரகு சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீ இரும்பை மறித்துவிடும். ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்புக்கு வழிவிடும்.

இன்னொன்று. தைராய்டு தொல்லை எல்லாமே அயோடின் குறைவால் வருவதில்லை. 'ஆன்ட்டி டி.பி.ஓ' என்று டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதிக்கொடுப்பார். டி.பி.ஓ. வேறு யாருமில்லை, நம்ம கொல்லன்தான். சொந்த உடம்பே அவன்மேல் கேஸ் போட்டிருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. கேஸ் முற்றிப் பட்டறை படுத்துவிட்டால் தைராக்ஸின் மாத்திரை.

அந்த மாத்திரைக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, 'ஒரு வேலை முடியட்டும்' என்று அதோடு சேர்த்து இரும்பு மாத்திரை என விழுங்குகிறவர்கள் பல வீட்டில் உண்டு. வேண்டாம். வயிற்றிலேயே இரும்பு அந்த ஹார்மோனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விடாது. நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கழுத்தில் ஹார்மோனைப் பெற்றெடுப்பதும் இரும்புதான். வயிற்றில் அதை அமுக்கிப் பிடிப்பதும் இரும்புதான். எங்கே, எப்போது சந்திக்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். மாமியார் மருமகள் மாதிரி.