டார்ச் பிடித்த மதினி

கார் வைத்திருக்கும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வைபவம் நடக்கிறது. வீட்டுக்காரர் பழைய பனியனும் கைலியுமாகப் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, உள்ளே தலையை நுழைத்துக் கொள்கிறார். வீட்டுக்காரி பக்கத்தில் நின்று டார்ச் அடிக்கிறாள். "இங்கே காட்டு! அங்கே இல்லை, இங்கே!" என்று நடுநடுவே அதட்டல் வேறு. ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, பிளக் மாற்றி, கையெல்லாம் கரியோடு அவர் நிமிர்ந்து நிற்கும்போது முகத்தில் தெரியும் பெருமிதம் இருக்கிறதே, இமயமலை ஏறி இறங்கினவர்களிடம் கூட அதைப் பார்க்க முடியாது.

மறுநாள் காலையில் சாவியைத் திருகினால், அந்தக் கார் ஜன்னி கண்டவனைப் போல் நடுங்குகிறது!

இது பல வீடுகளில் நடக்கிற சமாசாரம்தான். போன மாதம் தேவதானப்பட்டியில் என் கண் முன்னாலேயே நடந்தது. அதில் ஒரு காரைத் தவிர வேறொன்றும் பணயமாக இருந்ததால் இங்கே எழுதத் தோன்றியது.

என் பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மாத்திரம் தெரியும், ஆள் தெரியாது. ஆபரேஷன் என்றாலே பயம். ஒரு வருஷமாக அண்ணனும் மதினியும் கெஞ்சிக் கூத்தாடி, "சரி, திங்கட்கிழமை தேனிக்குப் போவோம்" என்று சம்மதிக்க வைத்திருந்தார்கள். பக்கபலமாக இருக்கட்டும் என்று என்னையும் வரவழைத்திருந்தார்கள்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி சுத்தமாக இருக்கவேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. முதல் நாள் சாயங்காலம் கைபேசியில் படம் பார்த்துப் பார்த்தே ஆயிலை மாற்றினார். ஏர் ஃபில்டரை மாற்றினார். பாட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பூச்சை, வயரைக் கழற்றிவிட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவினார். மூன்று சிலிண்டர் கார். மூன்று புது பிளக் வாங்கி வந்து மாட்டினார். மதினிதான் டார்ச்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. பெரியம்மா விபூதி இட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாயிற்று. அண்ணன் சாவியைத் திருகினார். செல்ஃப் பலமாகத்தான் சுற்றியது. இஞ்சினும் பிடித்தது. ஆனால் என்ன பிடிப்பு! 'குடுகுடு'வென்று வண்டியே ஆடியது. முன்னால் ஒட்டி வைத்திருந்த சின்னப் பிள்ளையார் நர்த்தன கணபதியாகி விட்டார். மீட்டரில் மஞ்சள் இஞ்சின் விளக்கு பளிச் பளிச்சென்று கண் சிமிட்டியது. அண்ணன் நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே ஆட்டம்.

பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

"சகுனம் சரியில்லப்பா. அம்மனுக்கு இஷ்டமில்ல போல. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்த ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவைத் திறக்கிற வழக்கமே இல்லை. சாத்திய கதவுக்குத்தான் பூஜை. பெரியம்மா அந்தக் கதவின் முன்னால் நின்று உத்தரவு கேட்காமல் எந்தக் காரியமும் செய்யமாட்டாள். இன்றைக்கு வீட்டுக்குள் போனாள் என்றால் அப்புறம் அவளைத் தேனிக்குக் கூட்டிப் போக முடியாது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்துவிட்டது. வாடகைக் கார் கூப்பிடலாம், பஸ்ஸும் இருக்கிறது. அதெல்லாம் அவளுக்குச் சமாதானம் ஆகாது. நின்று போனது வண்டி இல்லை, சகுனம்!

அதற்குள் தெருவில் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர் "பாட்டரி போச்சு" என்றார். புது பாட்டரி என்றால் நாலாயிரம் ரூபாயாவது ஆகும். இன்னொருவர் "பெட்ரோல்ல தண்ணி" என்றார். மூன்றாவது ஆசாமி ஒருவர், முன்பு போடிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் பெண் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டினவர். அவர் மாத்திரம் ஒரு கேள்வி கேட்டார்: "நேத்து வண்டில கை வச்சீங்களா?"

கேட்கவேண்டிய கேள்வி அதுதான். நேற்று வரை ஒழுங்காக ஓடின வண்டி இன்றைக்கு முரண்டு பண்ணினால், நேற்று தொட்ட இடத்தில்தான் முதல் சந்தேகம் விழவேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்ரோல் கெட்டு, பாட்டரியும் செத்து, பம்பும் பழுதாகி விடாது. அவருடைய டீசல் ஜீப்பில் ஃபில்டர் மாற்றினால் மறுநாள் எடுக்காதாம். குழாயில் காற்று புகுந்து 'ஏர் லாக்' ஆகியிருக்கும்; கைப் பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினால்தான் உயிர் வரும். அதைச் செய்யாமல் செல்ஃபையே அடித்துக்கொண்டிருந்தால் நல்ல பாட்டரியும் இறங்கிப் போகும்.

அண்ணனோ, "நான் எல்லாம் சரியாத்தான் மாட்டினேன்" என்று ஒரே சாதிப்பு.

மதினி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள். (சகோதரிகள் இதைக் கவனிக்கவேண்டும். இஞ்சின் ஓடும்போது தலைப்போ, பின்னலோ, துப்பட்டாவோ பெல்ட் பக்கம் போகக் கூடாது. இஞ்சின் சூடாக இருந்தால், நிறுத்தின பிறகு கூட ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பிக்கிற கார்கள் உண்டு. மூடின கார் ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிட்டுப் பரிசோதிப்பதும் கூடவே கூடாது. அந்தப் புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. மூக்கு எச்சரிக்கை செய்யாது.)

"என்னங்க, நேத்து நீங்க தொட்டதை எல்லாம் நான் வரிசையாச் சொல்றேன், நீங்க ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாருங்க" என்றாள்.

வேலை செய்கிறவருக்குக் கண் ஒரு போல்ட்டின் மேல் இருக்கும். டார்ச் பிடிக்கிறவள்தான் முழு நாடகத்தையும் பார்க்கிறாள். மதினி ஒன்றையும் விடவில்லை. ஆயில் ஊற்றின வாய்க்கு மூடி போட்டோமா? சில கார்களில் அந்த மூடியை மறந்தாலே இஞ்சின் திணறும். போட்டிருந்தது. ஆயில் அளவு குச்சி? அதன் இடத்தில் இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள் மாட்டியிருக்கின்றனவா, அதிலிருந்து இஞ்சினுக்குப் போகிற குழாய் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா? அளக்காத காற்று வேறு சந்தில் நுழைந்தால் பெட்ரோல் கணக்குத் தப்பிவிடும். சில சமயம் 'உஸ்' என்று பாம்பு சீறுகிற மாதிரி சத்தமும் கேட்கும். இங்கே சத்தம் இல்லை. கழற்றின வயர் சொருகிகள் 'டிக்' என்று உட்கார்ந்தனவா? உட்கார்ந்திருந்தன. பாட்டரி முனையை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. செல்ஃப் அவ்வளவு வேகமாகச் சுற்றும்போது பாட்டரியின் மேல் பழி போட எப்படி முடியும்? எதிர் வீட்டுக்காரர் மெள்ள நழுவிவிட்டார்.

"இஞ்சினுக்கு ஹோஸ் பைப்பாலே தண்ணி அடிச்சீங்களா?" என்று கேட்டார் ஜீப்காரர். பளபளப்புக்கு ஆசைப்பட்டு அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பிளக் உட்கார்ந்திருக்கிற குழியில் தண்ணீர் தேங்கினால், உலருகிற வரையில் இந்த நடுக்கம்தான். நல்லவேளை, அண்ணன் அதைச் செய்யவில்லை.

கடைசியில் பிளக்குக்கு வந்தது வரிசை. மதினி கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாக, "ரெண்டாவது பிளக்கு கீழ விழுந்துச்சுல்ல?" என்றாள்.

அண்ணன் பேசவில்லை.

சிமெண்டுத் தரையில் 'டிங்' என்று விழுந்ததாம். அவர் குனிந்து எடுத்து, 'பூ' என்று ஊதி மாட்டிவிட்டார். ஊதினால் போகிற தோஷமா அது? பிளக்கின் நுனியில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தாண்டித்தான் தீப்பொறி பாயவேண்டும். நுனி அடிபட்டால் இடைவெளி மூடிக்கொள்ளும். உடம்பைச் சுற்றியிருக்கிற வெள்ளைப் பீங்கானில் தலைமுடி போல ஒரு கீறல் விழுந்தாலும் மின்சாரம் அந்த வழியாக ஓடிவிடும், பொறி இருக்காது. மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை நிறுத்தம் செய்தால் வண்டி ஆடாமல் என்ன செய்யும்? மெக்கானிக்குகள் இதைத்தான் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள்.

ஓடுகிற இஞ்சினில் பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கிற பழைய வித்தை ஒன்று உண்டு. அதை யாரும் செய்யவேண்டாம். அங்கே பாய்கிற மின்சாரம் பல ஆயிரம் வோல்ட். ஆளையும் அடிக்கும், காரின் கம்ப்யூட்டரையும் கெடுக்கும். இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும். அண்ணன் அப்படித்தான் செய்தார். இரண்டு பிளக் உலர்ந்திருந்தன. ஒன்று மாத்திரம் பெட்ரோலில் குளித்து ஈரமாக இருந்தது. எரிக்க வேண்டிய பெட்ரோலை எரிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நுனி ஒட்டினாற்போல் மடங்கியிருந்தது. பீங்கானில் கறுப்பாக ஒரு கீறலும் இருந்தது.

மடங்கின நுனியை நிமிர்த்தலாம்; கீறின பீங்கானை ஒட்டவைக்க முடியாது. காலை ஆறு மணிக்குப் பிளக் விற்கிற கடை எது? பெரியகுளம் போனாலும் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மதினி உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். அண்ணன் குப்பையில் போட்ட பழைய பிளக்குகள் மூன்றும் அதில் இருந்தன! "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு, எதுக்குத் தூக்கிப் போடணும்னு எடுத்து வச்சேன்" என்றாள். நம் வீட்டுப் பெண்கள் பழைய டப்பாவையும் கயிற்றையும் சேர்த்து வைப்பதைக் கேலி செய்கிற ஆண்கள் இந்த இடத்தைத் தயவு செய்து இரண்டாம் தரம் வாசிக்கவும்.

அதற்குள் இரண்டாவது ஆசாமி ஒரு சிரிப்போடு, "பொம்பளைங்களும் மெக்கானிக் ஆயிட்டாங்க" என்றார். கேள்வி கேட்ட ஜீப்காரர் இல்லை. பெட்ரோலில் தண்ணீர் என்ற ஆசாமி. அவருக்கு ஒரு கதை சொன்னேன். 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் கார் என்று ஒன்றைச் செய்துவிட்டு, அதை ஊரார் நம்பவில்லையே என்று கவலையில் இருந்தார். அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் ஒரு நாள் காலை, புருஷனிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அவ்வளவு தூரம் அதுவரை எவரும் காரில் போனதில்லை. வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தாள். பொறி கொடுக்கிற வயரின் உறை தேய்ந்து போயிற்று; காலுறை கட்டுகிற பட்டையைச் சுற்றி ஒப்பேற்றினாள். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாள். ஆக, காரில் முதல் தொலைதூரப் பிரயாணம் போனதும் ஒரு பெண், நடுவழியில் ரிப்பேர் செய்ததும் அவளேதான். ஆசாமிக்கு வேறு வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

பழைய பிளக் ஒன்றைக் கையாலேயே மரைக்குள் திருகி, பிறகுதான் ஸ்பேனரால் இறுக்கினார் அண்ணன். எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போட்டால் மரை கோணிப் போகும். அதற்கு ஆகிற செலவில் ஒரு பவுன் மோதிரம் இல்லாவிட்டாலும் மூக்குத்தி வாங்கலாம். சாவியைத் திருகினார். பிடித்தது. நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் முழு நிம்மதி இல்லை. சும்மா நிற்கும்போது இஞ்சின் வேகம் கொஞ்சம் ஏறியது, இறங்கியது. அண்ணன் மறுபடி ஸ்பேனரை எடுத்துவிட்டார். ஜீப்காரர்தான் தடுத்தார். பாட்டரி வயரைக் கழற்றினால் இந்தக் காலத்துக் கார்களின் கம்ப்யூட்டர் தான் கற்று வைத்திருந்ததைக் கொஞ்சம் மறந்துபோகும். ஐந்து பத்து நிமிஷம் ஓடவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் தானாகவே பழைய பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடும். அப்படியும் அடங்காவிட்டால்தான் மெக்கானிக். வாஸ்தவம்தான், பெரியகுளம் தாண்டுமுன் சரியாகிவிட்டது.

அந்த மிஸ்ஸிங்கோடேயே "போகிற வரை போகட்டும்" என்று கிளப்பியிருந்தால்? எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்கிற கன்வர்ட்டரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். அது போனால் செலவு பல ஆயிரம். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் 'ஓட்டாதே' என்று அர்த்தம். அதிலும் தேவதானப்பட்டியை அடுத்த காட்ரோட்டிலிருந்துதான் கொடைக்கானல் மலைப் பாதை பிரிகிறது. அந்த வளைவுகளில் இஞ்சின் திடீரென்று நின்றுவிட்டால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். இரண்டுக்குமே இஞ்சின் ஓடினால்தான் முழு பலம்.

பெரியம்மா இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். மதினி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அம்மன் கோவிச்சுக்கல. உங்க மகன் கீழ போட்டுட்டு சொல்லாம விட்டாரு. அவ்வளவுதான்."

"சொல்லாம விட்டானா?" என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா சிரித்தாள். "சின்ன வயசுலயும் அப்படித்தான். பால் சொம்பைக் கீழ போட்டு நசுக்கிட்டுப் பரண் மேல ஒளிச்சு வப்பான்." எழுந்து வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

போன வாரம் மதினி போன் செய்தாள். வலது கண் கட்டெல்லாம் எடுத்தாயிற்றாம். சொட்டு மருந்து மாத்திரம் விட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அந்த உடைந்த பிளக்கை மதினி இன்னும் தூக்கிப் போடவில்லை. பெரியம்மா அதைக் கேட்டு வாங்கி, வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "கீறல் நல்லாத் தெரியுதே, இதை மாட்டுறதுக்கு முன்னால பாக்க உனக்கு என்னடா கேடு?" என்று அண்ணனைக் கேட்டாளாம்.