கல்லுக்குக் கிடைத்த அவகாசம்

2014-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட வீடியோ விளையாட்டு 'அஸாஸின்ஸ் க்ரீட் யூனிட்டி'. களம், பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பாரிஸ். நால்வர் கூடி ஆடலாம். திரையில் நால்வருமே ஆண்கள். பெண்ணாக ஏன் ஆட முடியாது என்று கேட்டபோது, அசைவுகளையும் உடைகளையும் இரட்டிப்பாக உருவாக்க வேண்டியிருக்கும் என்று பதில் வந்தது. அத்தொடரின் முந்தைய விளையாட்டொன்றில் பணியாற்றிய அசைவூட்டக் கலைஞர் ஜோனதன் கூப்பர், அது ஓரிரு நாள் வேலைதான் என்று மறுத்தார்.

நாள்கணக்கு அல்ல விஷயம். 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சாய் வரை நடந்து, மன்னனைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தவர்கள் சந்தைப் பெண்கள். 1793-இல் மராவைக் குத்திக் கொன்றவர் ஷார்லோட் கோர்தே. கொலையாளிகளைப் பற்றிய விளையாட்டுக்கு இவரைவிடப் பொருத்தமான முன்மாதிரி உண்டா? நோத்ர தாம் தேவாலயத்தின் நுணுக்கங்களைக் கணினியில் எழுப்ப ஒரு கலைஞர் நெடுங்காலம் உழைத்தார். அவர் கரோலின் மியூஸ் என்ற பெண். கல்லுக்குக் கிடைத்த அவகாசம் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. மறுவருடமே இத்தொடரில் ஈவி ஃப்ரை என்ற நாயகி வந்துவிட்டாள் என்பதையும் சொல்லவேண்டும். ஆக, இல்லாமலிருந்தது மனம் மட்டுமே.

'விளையாட்டில் எதற்கு அரசியல்?' என்பவர்களுக்கு ஒன்று: புரட்சியிலிருந்து பெண்ணை நீக்குவதும் அரசியல்தான். பழகிப்போனதால் உங்கள் கண்ணில் படவில்லை.

மறுபக்கம், தோல்நிறப் பட்டியலில் நான்கு நிறங்களைக் கூட்டிவிட்டு அதையே அனைவருக்குமான கதை என்று பெருமைப்படுவோரும் உண்டு. நிறம் மாறுகிறது, கதை அப்படியே இருக்கிறது. இவர்கள் அதே 2014 நவம்பரில் வந்த 'நெவர் அலோன்' விளையாட்டைப் பார்க்கவேண்டும். அலாஸ்காவின் இனுப்பியாக் மக்களின் வாய்மொழிக்கதை அது. அங்குள்ள பூர்வகுடிகளின் அமைப்பான குக் இன்லெட் பழங்குடி மன்றமே முன்னின்று உருவாக்கியது. கதைசொல்லி ராபர்ட் க்ளீவ்லண்டின் மகளைத் தேடிச்சென்று ஒப்புதல் பெற்றார்கள். மூலக்கதையின் சிறுவன் இதில் நூனா என்ற சிறுமி ஆகிறான். கதை இனுப்பியாக் மொழியிலேயே சொல்லப்படுகிறது. உலகம்தான் வசனவரிகளைப் படித்துக்கொள்கிறது.

யாரைப் பற்றிய கதையோ அவர்கள் கதை பேசப்படும் அறையில் இருந்தார்களா? ஒரு விளையாட்டு எல்லோருக்குமானதா என்று அறிய இந்த ஒரு கேள்வி போதும். பெண் உருவத்தை இரண்டு நாளில் வரைந்துவிடலாம். அவளை வரையத் தோன்றுவதற்கு அவள் முதலில் உங்கள் பாரிஸில் இருந்தாக வேண்டும்.