கை இலகுவானால் போதுமா?



மயிலாப்பூரில் நம் சபைக் குடும்பம் ஒன்றின் வாசலில் தாத்தா காலத்து ஜீப் ஒன்று நிற்கிறது. அமெரிக்க வில்லிஸ் வடிவமைப்பின்படி மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் உருவாக்கிய சி.ஜே. 3பி வகை. சேற்றிலும் மலைப்பாதையிலும் ஓடுவதற்கென்றே பிறந்த அந்த வண்டி, இன்று லஸ் முனையில் திரும்பத் திணறுகிறது. அடையாறு திரு.வி.க. பாலத்தில் நேராகப் பிடித்தாலும் இடமும் வலமும் அலைகிறது. "பவர் ஸ்டீயரிங் பொருத்திவிடலாமா, ஐயா?" என்று பேரன் என்னிடம் கேட்டார்.

பொருத்தலாம்; ஆனால் அது முதல் வேலை அன்று என்பதே என் கருத்து.

அந்த ஜீப்பில் நம் கையின் அசைவு நேராகச் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து டிராக் லிங்க் என்னும் தண்டு, நடுவிலுள்ள பெல் கிராங்கைத் திருப்புகிறது. அதிலிருந்து இரண்டு டை ராடுகள் இரு சக்கரங்களுக்கும் பிரிந்து செல்கின்றன. இத்தனை மூட்டுகளிலும் ஆண்டுக்கணக்கில் தேய்மானம் சேர்ந்தால், திருப்பும் அசைவில் ஒரு பங்கை ஒவ்வொரு மூட்டும் விழுங்கிவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'பிளே' என்கிறார்கள்.

பவர் ஸ்டீயரிங்கில், எஞ்சினால் சுழலும் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்பி நம் கைக்குத் துணை செய்கிறது. கை இலகுவாகும், தேய்ந்த மூட்டின் ஆட்டமோ அப்படியே இருக்கும். பழைய மூட்டுகளின்மேல் கூடுதல் விசையும் விழும். அதுவரை கை உணர்ந்த எச்சரிக்கைகூட மங்கிப்போகும். பின்னால் பிள்ளைகளை அமர்த்திச் செல்லும் வண்டியில் இது சிறிய காரியமா?

ஆகவே முதலில் பழுதைக் கண்டறிய வேண்டும். சக்கரங்கள் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைக்க, மற்றொருவர் கீழே குனிந்து எந்த மூட்டு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். தேய்ந்தவற்றை மாற்றிய பின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிந்து, பவர் ஸ்டீயரிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

பிரியமானவர்களே, இந்தச் சோதனைக்கு இருவர் தேவை என்பதைக் கவனித்தீர்களா? ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் ஆட்டத்தை உணர்வார். அது எங்கே இருக்கிறதென்று அவரால் காண இயலாது. யாக்கோபு தம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் கப்பலின் சிறிய சுக்கானைக் காட்டி நம் நாவைக் குறித்து எச்சரிக்கிறார். அந்த நாவின் தேய்மானத்தை நம்மைவிட நம் வீட்டார் நன்கறிவார்கள். நாமோ, "ஆண்டவரே, என் பாரத்தை இலகுவாக்கும்" என்று ஜெபிக்கிறோம். பல மாதங்களாகப் பேசாதிருக்கும் சகோதரனையும், திருப்பித் தராத கடனையும், காக்காத வாக்கையும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

இந்த வாரம் உங்களை நேசிக்கும் ஒருவரிடம், "என் வாழ்வில் எந்த மூட்டு ஆடுகிறது?" என்று கேளுங்கள். பதில் வலிக்கலாம், கோபங்கொள்ளாமல் கேளுங்கள். அதைச் சரிசெய்யும் பெலத்தைக் கர்த்தர் தருவார்.

அவருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.