பேரனுக்குப் புகழ், தாத்தாவுக்கு நாமம்

பிரிட்டிஷ் சின்னக் கார்னு பேச்சை எடுத்தாலே எல்லாரும் மினி புராணம் பாட ஆரம்பிச்சிடறாங்க. 1999-ல நடந்த 'நூற்றாண்டின் கார்' தேர்வுல கூட ஃபோர்டு மாடல் டி-க்கு அடுத்த இடம் மினிக்குத்தான். முதல் அஞ்சு இடத்துல ஆஸ்டின் செவன் பேரே கிடையாது. இது அநியாயம் மக்களே!

1922-க்குப் போவோம். அப்போ பிரிட்டன்ல சம்பளக்காரன் குடும்பத்தோட வெளியே போக, சைடுகார் வச்ச மோட்டார் சைக்கிள்தான் கதி. சின்னக் கார் செய்யலாம்னு ஹெர்பர்ட் ஆஸ்டின் சொன்னதை அவர் கம்பெனி இயக்குநர்களே ஏத்துக்கலை. மனுஷன் அசரலையே! ஸ்டான்லி எட்ஜ்-ங்கற 18 வயசுப் பையனைத் தன் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில உக்கார வச்சு, சொந்தக் காசுல வரைபடம் போட வச்சார். நாலு சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் பிரேக், எடை சுமார் 360 கிலோ. 1939 வரைக்கும் ஏறத்தாழ 2,90,000 கார்கள்.

மினி வந்தது 1959-ல. சூயஸ் நெருக்கடி தந்த பெட்ரோல் தட்டுப்பாட்டுல முளைச்ச யோசனை. எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதுக்கு அடியில சொருகி, பத்தடி நீளத்துல நாலு பேரை உக்கார வச்சார் அலெக் இசிகோனிஸ். மேதைதான், யார் இல்லைன்னா? மாண்டி கார்லோ ராலியில 1964, 1965, 1967-ல ஜெயிச்சதும் நிஜம்தான்.

ஆனா 'இன்னிக்கு ஓடற சின்னக் காருக்கெல்லாம் மினிதான் அப்பன்'னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. குறுக்கு எஞ்சினோட முன்சக்கர ஓட்டம் 1931-லேயே டிகேடபிள்யூ எஃப்1-ல வந்தாச்சு. இன்னிக்குக் கார்கள்ல கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில இல்லை, பக்கத்துல இருக்கு. அந்த வழியைக் காட்டினது 1964-ல வந்த ஆட்டோபியாங்கி பிரிமுலா, இத்தாலிக்கார டான்டே ஜியகோசாவோட கைவண்ணம்.

இப்போ செவனோட வாரிசுகளைப் பாருங்க. பிஎம்டபிள்யூ 1928-ல டிக்ஸி கம்பெனியை வாங்கி, முதன்முதலா வித்த காரே லைசென்ஸ்ல செஞ்ச ஆஸ்டின் செவன்தான். காலின் சாப்மனோட முதல் லோட்டஸ் பிறந்தது பழைய செவன் ஒண்ணுலேருந்து. இசிகோனிஸே வாலிப வயசுல பந்தயத்துக்கு ஓட்டினது செவன்தான். எல்லாத்துக்கும் மேல, 1959-ல மினியை ஆஸ்டின் முத்திரையோட வித்தப்ப வச்ச பேர் என்ன தெரியுமா? 'ஆஸ்டின் செவன்'! 1962-லதான் அது 'ஆஸ்டின் மினி' ஆச்சு. தாத்தா பேரை வச்சுத்தான் பேரன் கடைக்கே வந்தான்.

மினி 53 லட்சம் வித்துச்சேன்னு கேப்பீங்க. 41 வருஷம் செஞ்சாங்க, அதுவும் கார் வாங்கறது பழகிப்போன காலத்துல. மினி சின்னக் காரை நல்ல காரா மாத்துச்சு. செவனோ, கார் கனவே காணாதவன் வாசல்ல ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்துச்சு. எது பெரிய காரியம்? என் ஓட்டு தாத்தாவுக்குத்தான். மினி ரசிகக் கண்மணிகள் சண்டைக்கு வரலாம், கணக்கோட வாங்க!