நம் வீட்டுக்கு ஒரு வலைப்பக்கம்

"பதினெட்டு ஆண்டுகளாகப் பெங்களூரில் குடியிருக்கிறேன். கணினித் தொழிலால் பெயர்பெற்ற ஊர் இது. ஆயினும் அத்தொழிலுக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. என் குடும்பத்துக்கென்று தமிழில் ஒரு வலைப்பக்கம் அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். நான் பட்டம் பெற்றவன் அல்லன், ஆங்கிலமும் அரைகுறைதான். இது என்னால் இயலுமா?" என்று அல்சூரிலிருந்து அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.

இயலும் என்பதே என் விடை. நானும் மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன்தான். சென்ற மழைக்காலத்தில் இரவு உணவுக்குப் பின் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். மூன்று வாரங்களில் ஒரு பக்கம் உருவாயிற்று. அது அழகிய பக்கம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எதற்காக நிற்கிறது என்பதை நான் அறிவேன்.

எச்.டி.எம்.எல். என்ற பெயரைக் கேட்டவுடன் பலர் அஞ்சிவிடுகின்றனர். கணிதமோ தருக்கமோ வேண்டியதொரு கலை என்று எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று எழுத்தின் பகுதிகளுக்குக் குறியிட்டுக் காட்டும் முறையே அது. ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ் லீ என்பார், விஞ்ஞானிகள் தம் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கென 1989-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய வையவிரிவு வலை. 1991-இல் வெளிவந்த முதற் குறிப்பேட்டில் 18 குறிகளே இருந்தன. 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிலையம், இதற்கு எவரும் உரிமைத்தொகை செலுத்த வேண்டா என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த ஓர் அறிவிப்பு இல்லாதிருந்தால் நம்மைப் போன்றோர் இதனை எட்டிப் பார்த்திருக்கவும் முடியாது. இன்று குறிகள் நூற்றுக்கு மேற்பட்டுவிட்டன. குடும்பப் பக்கத்துக்குப் பன்னிரண்டு போதும்.

குறி என்பது இரண்டு கோண அடைப்புகளுக்கிடையே எழுதப்படும் ஒரு சிறு ஆங்கிலச் சொல். பத்தியைத் தொடங்குமுன் 'பி' என்னும் எழுத்தை அடைப்புக்குள் இடுகிறோம். பத்தி முடிந்தபின் அதே எழுத்தை ஒரு சாய்கோட்டுடன் மீண்டும் இடுகிறோம். முன்னது திறப்பது, பின்னது மூடுவது. இருப்புப்பாதை ஊழியர் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒவ்வொரு வண்டியின் கடைசிப் பெட்டியிலும் 'எல்.வி.' என்ற பலகை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதைக் கண்ணால் கண்ட பின்னரே வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று நிலையத்தார் கொள்வர். மூடுங்குறியும் அத்தகையதே. ஆனால் ஒரு வேறுபாடு உளது. பலகை காணாவிடில் நிலையத்தார் பின்வரும் வண்டிக்கு வழிவிடமாட்டார். மூடுங்குறி காணாவிடில் உலாவியோ தானே ஏதோ ஊகித்துக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். தலைப்பை மூடாமல் விட்டால் அதன் கீழுள்ள பத்திகளெல்லாம் தலைப்பைப் போலவே பெருத்துத் தோன்றும். அவ்வாறு நேர்ந்தால் கலங்க வேண்டா. மேலிருந்து கீழாக எண்ணிப் பார்த்து, விடுபட்ட சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். படத்துக்கான குறி போன்ற சில குறிகளுக்கு மூடுதல் இல்லை. பெட்டியின்றித் தனியே ஓடும் இஞ்சினை ஒத்தவை அவை.

இதற்கென விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுவதில்லை. கணினியோடு வரும் 'நோட்பேட்' போதும். முதல் வரியில் இஃது எச்.டி.எம்.எல். ஆவணம் என்ற அறிவிப்பு; பின் 'ஹெட்' எனப்படும் தலைப்பகுதி; அதன் பின் 'பாடி' எனப்படும் உடற்பகுதி. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது உடற்பகுதியே. ஆனால் தமிழருக்கு இன்றியமையாதது தலைப்பகுதிதான். ஆங்கிலப் பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் செய்தி அங்கே இருக்கிறது. அதனால் இதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்பதில் உடன்பாடு வேண்டும். தமிழ் முதன்முதலில் வலையேறிய காலத்தில் அந்த உடன்பாடு இருக்கவில்லை. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பொன்று ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் வலையில் வெளியிடப்பட்டது. அதில் தமிழ் தோன்றுவதற்குக் காரணராக இருந்தவர் அங்கே ஆசிரியப் பயிற்சித் துறையில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தாம் உருவாக்கிய எழுத்துருவுக்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். 1999-இல் அவர் மறைந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செயலியை அமைத்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக விளங்கிய கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கி, பல நாட்டுத் தொண்டர்களின் துணையோடு பழந்தமிழ் நூல்களை வலையேற்றலானார். மூவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்து தொண்டு செய்தவர்கள் என்பதை வெளியூர்த் தமிழராகிய நாம் குறித்துக்கொள்வது தகும்.

ஆனால் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண்முறையைக் கொண்டிருந்தது. ஒன்றில் 'க' என்றிருந்த எண் மற்றொன்றில் வேறோர் எழுத்தாகும். எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடம் இல்லையெனில் பக்கம் முழுவதும் பொருளற்ற மேனாட்டு எழுத்துகளாகத் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துமுறைக்கும் தரங்கள் வகுக்கப்பட்டன. இன்று பலர் பயன்படுத்தும் 'தமிழ்99' விசைப்பலகை அப்போது வந்ததே. நிலையான தீர்வு யூனிகோடு வாயிலாகக் கிட்டிற்று. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான அந்த எண்வரிசையில் 1991 முதலே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இப்போது அவற்றுள் 72 இடங்கள் நிரம்பியுள்ளன. 247 எழுத்துகளுக்கு 72 எப்படிப் போதும் என்று வினவலாம். மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே வைத்துச் சேர்த்துக்கொள்வதால் போதுகிறது. இது பற்றித் தமிழறிஞரிடையே நெடிய வாதம் நடந்தது; அதற்குள் இப்போது புக வேண்டா.

நாம் செய்ய வேண்டுவது இரண்டு. கோப்பைச் சேமிக்கும்போது 'யு.டி.எஃப்.-8' என்ற முறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். பழைய கணினிகளில் உள்ள நோட்பேட் அதனைத் தானாகச் செய்யாது. கவனியாமல் சேமித்தால் தமிழெழுத்துகளெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், அவற்றை மீட்கவும் முடியாது. அடுத்து, அம்முறையில் எழுதியுள்ளோம் என்பதைத் தலைப்பகுதியில் 'மெட்டா' குறியால், 'சார்செட்' என்ற சொல்லோடு அறிவிக்க வேண்டும். அது பக்கத்தின் தொடக்கத்திலேயே, முதல் 1024 பைட்டுகளுக்குள் வரவேண்டும் என்பது விதி. அறிவிப்பு இல்லாவிடில் 'அ' என்ற ஓரெழுத்து மூன்று புரியாத உருவங்களாகச் சிதறக்கூடும். தமிழெழுத்து ஒன்று யு.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டுகள் கொள்வதே அதற்குக் காரணம்.

இன்னொன்று மொழிக்குறிப்பு. பக்கத்தின் முதற்குறியிலேயே 'லாங்' என்ற பண்பை வைத்துத் தமிழுக்குரிய 'டி-ஏ' என்ற ஈரெழுத்தை இட வேண்டும். கண்ணுக்கு இதனால் யாதொரு மாற்றமும் தெரியாது. ஆயினும் பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் கருவி, தமிழ்க் குரலைத் தெரிந்துகொள்வது இதைக் கொண்டே. கன்னடப் பத்தி ஒன்றைச் சேர்த்தால் அப்பத்திக்கு மட்டும் 'கே-என்' என்று குறிக்கலாம். நம் இல்லங்களில் இது மிகவும் பயன்படும். ஏனெனில் இவ்வூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலர் கன்னடமும் ஆங்கிலமும் எழுதப் படிக்கக் கற்கின்றனர். தமிழை வீட்டில் பேசுகின்றனர், ஆனால் படிக்க அறியார். அவர்கள் மேல் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளியில் தமிழ் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க நமக்கு நேரமில்லை.

என் பக்கத்தில் என்ன எழுதினேன் என்றும் அன்பர் கேட்டிருக்கிறார். நாங்கள் கோலார் தங்கவயல் குடும்பத்தினர். என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர். தந்தையார் சாம்பியன் ரீஃபில் சுரங்கத் தொழிலாளி. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்ற சுரங்கம் அது. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர் எங்கள் ஊர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை வண்டியேறிப் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்து இரவு திரும்புவது ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கையாயிற்று. என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அவர் காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன், சுரங்கத்தில் இறங்கிய முதல் நாளைப் பற்றிப் பேசியதை என் தங்கை கைபேசியில் பதிவு செய்திருந்தாள். பதினொரு நிமிடப் பேச்சு. அந்த ஒரு கைபேசியில் மட்டுமே அது இருந்தது; கைபேசியோ பழுதடையத் தொடங்கியிருந்தது.

நான் எச்.டி.எம்.எல். கற்க முனைந்ததே இதற்காகத்தான். 'ஆடியோ' என்றொரு குறி உண்டு. அதனோடு 'கன்ட்ரோல்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்தால் பக்கத்திலேயே ஒலிக்கும் பொத்தான் தோன்றிவிடும். பத்து நிமிடப் பேச்சை ஐந்து மெகாபைட்டுக்குள் அடக்கலாம். பாடலுக்கு வேண்டிய நுண்மை பேச்சுக்கு வேண்டியதில்லை. தந்தையார் குரலை மேலே வைத்தேன். அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதி அதன்கீழ் வைத்தேன். அதற்கும் கீழே தங்கை மகள் தானே கன்னடத்தில் எழுதித் தந்த சுருக்கம் இருக்கிறது. தமிழ் எழுத்தறியாத அவள், குரலைக் கேட்டுக்கொண்டே தமிழ் வரிகளின் மேல் விரலை ஓட்டுகிறாள். சில சொற்களை இப்போது அடையாளம் கண்டுகொள்கிறாள். இதற்குமேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

படங்களைப் பற்றி ஓரிரு சொற்கள். கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். பல மெகாபைட் கனமுள்ள படத்தைக் கிராமத்து உறவினர் திறந்து பார்ப்பதற்குள் பொறுமை இழந்துவிடுவர். சிறிதாக்கிய பின் ஏற்றுங்கள். 'ஆல்ட்' என்ற இடத்தில் படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்பதைத் தமிழில் எழுதுங்கள். கோப்புகளின் பெயரில் மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே, இடைவெளியின்றிக் கையாளுங்கள். முதற்பக்கக் கோப்புக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயரிடுவதே வழக்கம். கைபேசியில் எழுத்து பொடியாகத் தோன்றாதிருக்க, தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' என்ற வரியும் வேண்டும்.

பக்கத்தை உலகுக்கு வைக்க இடம் வேண்டுமே என்றால், 'கிட்ஹப்', 'நியோசிட்டீஸ்' போன்றவை கட்டணமின்றி இடம் தருகின்றன. ஆயினும் இலவச இடத்தை நம்பி மூலப்படியைக் கைவிடலாகாது. 'ஜியோசிட்டீஸ்' என்ற இடத்தில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்தன. 2009 அக்டோபரில் அதன் உரிமையாளரான யாகூ நிறுவனம் கதவை அடைத்தது. நம் கையால் எழுதிய கோப்பு நம்மிடம் இருந்தால் வேறோர் இடத்தில் அன்றே ஏற்றிவிடலாம். ஆயத்த ஆடை போல அச்சுகளைத் தந்து ஐந்து நிமிடத்தில் தளம் கட்டித்தரும் நிறுவனங்களை நான் விரும்பாததற்கு இதுவே காரணம். அவற்றில் கட்டியதைப் பெயர்த்தெடுத்து வருவது எளிதன்று. கடைக்காரருக்கு அவை ஏற்றவையாக இருக்கலாம். தந்தையார் குரலை வைப்பதற்கு ஏற்றவை அல்ல. வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிள்ளைகளின் பள்ளிப் பெயர் ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதாதிருப்பது நலம். உறவினர் படத்தை அவர் இசைவின்றி இடுவதும் தகாது.

மேலும் கற்க விரும்புவோர்க்கு ஓர் எளிய வழி உண்டு. கணினியில் எந்த வலைப்பக்கத்தையும் திறந்து, 'கன்ட்ரோல்' விசையையும் 'யு' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். அப்பக்கம் எழுதப்பட்ட விதம் கண்முன் விரியும். பெரிய நிறுவனங்களின் பக்கங்கள் குழப்பும். மதுரைத் திட்டத்தின் பழைய நூற்பக்கங்களைப் பாருங்கள், அவை எளிமையானவை.

குடும்ப வழிமுறையை அட்டவணையாக அமைப்பது எங்ஙனம் என்று இந்திரா நகர் அம்மையார் ஒருவரும் கேட்டிருக்கிறார். அது 'டேபிள்' குறியின் வேலை. அடுத்த திங்கள் எழுதுகிறேன். அதற்குள் அவர் தம் பாட்டனார், பாட்டியார் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் பெரியோரிடம் கேட்டுத் தாளில் குறித்து வைத்துக்கொள்வாராக.