மாவுச்சத்தின் தரத்துக்கும் விலை வேண்டும்

மயிலாப்பூர், தியாகராய நகர் அரிசிக் கடைகளில் வாங்குவோர் பார்ப்பது வெண்மையும் சன்னமுமே. அரிசியின் மாவுச்சத்து எவ்வகை என்று கேட்பாரில்லை.

அரிசி மாவுச்சத்தில் இரு வகை உண்டு. இரண்டுமே குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள். அமைலோஸ் பெரும்பாலும் கிளையற்றது, மெதுவாகச் செரிக்கும். அமைலோபெக்டின் பல கிளைகள் கொண்டது. விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையைக் கூட்டும். அயோடின் கரைசலை விட்டால் அமைலோஸ் கருநீலமாகும். அமைலோபெக்டின் செந்நிறம் காட்டும். நீலத்தின் அடர்த்தியைக் கொண்டு அமைலோஸ் அளவைக் கணிக்கலாம்.

கோபாலபுரத்திலுள்ள சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்து மிகுந்த புதிய வெள்ளை அரிசியில் அமைலோஸ் சுமார் 33 சதவிகிதம். சாதாரண வெள்ளை அரிசியில் 26. உண்டவர்களின் இரத்தத்தைச் சோதித்துக் கண்ட சர்க்கரை உயர்வுக் குறியீடு முறையே 61, 79. ஆக, நல்ல ரகம் இருந்தால் வெள்ளை அரிசியிலும் பயன் உண்டு.

ஆனால் நெல் கொள்முதலில் ஈரப்பதம், சன்னம், பதர், கலப்பு ஆகியவை பார்க்கப்படுகின்றன, அமைலோஸ் பார்க்கப்படுவதில்லை. விலை கிடைக்காத குணத்துக்காக விவசாயி ஏன் ரகம் மாற்ற வேண்டும்? அரிசி மூட்டையில் அமைலோஸ் அளவை அச்சிட வேண்டும். அதற்கேற்ற கூடுதல் விலை விவசாயியைச் சேர வேண்டும். இத்தகைய சோறு ஆறினால் சற்று விறைக்கும். நகரத்தார் அதற்குப் பழகிக்கொள்வது நல்லது.